எள் கருகும் முன் கோழி வேகவேண்டும்

எள்ளைப் போர்த்திப் பொரித்த கோழி, பார்க்க எளிமையான பண்டம். கறித்துண்டை முட்டையில் நனைத்து, எள்ளில் புரட்டி, எண்ணெயில் போட்டால் முடிந்தது என்றுதான் தோன்றும். அப்படிச் செய்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். எள் அழகாகச் சிவந்திருக்கும், பிய்த்துப் பார்த்தால் நடுவில் கறி பச்சையாக இருக்கும். அல்லது கறி வெந்திருக்கும், எள் கறுத்துக் கசக்கும்.

இதற்குக் காரணம் பொருள்களின் இயல்பிலேயே இருக்கிறது. எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். உருவமோ மிகச் சிறியது. காய்ந்த எண்ணெயில் விழுந்த சிறிது நேரத்திலேயே சிவக்கத் தொடங்கிவிடும். கோழியின் நெஞ்சுக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர். சூடு அதற்குள் மெதுவாகத்தான் இறங்கும். ஒன்று அவசரக்காரர், மற்றது நிதானக்காரர். இந்த இருவரையும் ஒரே நேரத்தில் பந்திக்குக் கொண்டுவருவதுதான் இந்தச் சமையலின் முழு வேலை. அதற்கு நம் கையில் இருப்பவை இரண்டே: கறியின் தடிமன், எண்ணெயின் சூடு. கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் இந்த இரண்டையும் சரிசெய்வதுதான்.

சைனீஸ் உணவகங்களில் எள்ளுக் கோழி என்று கிடைப்பது வேறு. அங்கே கோழியை மாவில் பொரித்து, இனிப்பும் புளிப்பும் காரமும் கலந்த சாஸில் பிரட்டி, கடைசியில் மேலே எள் தூவுவார்கள். எள் அங்கே அலங்காரம். இங்கே நாம் செய்யப்போவதில் எள்தான் மேலோடு. கடிக்கும்போது முதலில் நொறுங்குவது அதுதான்.

தேவையானவை (நான்கு பேருக்கு)

கறியும் மசாலாவும்:
எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி – 500 கிராம்
உப்பு – 1 தேக்கரண்டி
கெட்டித் தயிர் – 2 மேசைக்கரண்டி
இஞ்சி பூண்டு விழுது – 1 மேசைக்கரண்டி (சாறு மட்டும்)
மிளகாய்த்தூள் – 1 தேக்கரண்டி
மிளகுத்தூள் – அரை தேக்கரண்டி
மஞ்சள்தூள் – கால் தேக்கரண்டி

முதல் தட்டு:
பச்சரிசி மாவு – 3 மேசைக்கரண்டி
சோள மாவு – 2 மேசைக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி

இரண்டாம் தட்டு:
முட்டை வெள்ளைக்கரு – 2
சோள மாவு – 1 தேக்கரண்டி

மூன்றாம் தட்டு:
வெள்ளை எள் – 100 கிராம்
கறுப்பு எள் – 1 மேசைக்கரண்டி (விருப்பப்பட்டால்)
ரவை – 2 மேசைக்கரண்டி
ஒன்றிரண்டாக இடித்த தனியா – 1 தேக்கரண்டி

பொரிக்க:
கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் – வாணலியில் 1 செ.மீ. உயரத்துக்கு

கைவேலை அதிகமில்லை. ஆனால் ஊறுவதற்கு ஒரு மணி நேரமும், எள் படிவதற்கு அரை மணி நேரமும் ஒதுக்க வேண்டும். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பிக்கிற சமையல் அல்ல இது. காலையிலேயே கறியை ஊறவைத்துவிட்டால் மதியம் நிதானமாகப் பொரிக்கலாம்.

1. கறி வாங்குதல்

பிராய்லர் கடையில் கேட்காவிட்டால் குழம்புக்கு வெட்டுவதுபோலத் துண்டு போட்டுவிடுவார்கள். அதனால் தராசில் வைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, நெஞ்சுக்கறி முழுசா வேணும், எலும்பும் தோலும் எடுத்துடுங்க, வெட்டாதீங்க.” அரைக்கிலோவுக்குப் பெரும்பாலும் இரண்டு பெரிய துண்டுகள் வரும்.

நாட்டுக்கோழி இதற்கு ஒத்துவராது. அதன் சதை மெத்தென்று ஆக நெடுநேரம் வேகவேண்டும். அதுவரை எள் தாங்காது. நாட்டுக்கோழியைக் குழம்புக்கு விட்டுவிடுங்கள். எலும்பு எடுத்த தொடைக்கறி பயன்படும். நெஞ்சுக்கறியைவிடக் கொழுப்பு கூடுதல் என்பதால் ஓரிரு நிமிடம் அதிகம் வெந்தாலும் வறண்டுபோகாது. ஆனால் அதில் மேடு பள்ளம் அதிகம். தட்டிச் சமப்படுத்தப் பொறுமை வேண்டும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு நெஞ்சுக்கறியே வசதி.

2. எள்ளைப் பார்த்து எடுத்தல்

கடையில் வெள்ளை எள் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று தோல் நீக்கியது. வெளேரென்று, ஒரே சீராக இருக்கும். மற்றது தோலோடு இருப்பது. சற்றுப் பழுப்பு கலந்திருக்கும். இந்தச் சமையலுக்குத் தோல் நீக்கியதே நல்லது. தோல் எள் சூட்டில் படபடவென்று வெடித்து எண்ணெயைத் தெறிக்கவைக்கும். அதன் தோலில் இலேசான கசப்பும் உண்டு. தோல் எள்தான் வீட்டில் இருக்கிறதென்றால் கல், மண் போக அரித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். ஈரம் இருக்கிற எள் எண்ணெயில் இன்னும் மோசமாகத் தெறிக்கும்.

வாங்கி நாளான எள்ளாக இருந்தால் ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்று பாருங்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த விதை என்பதால் டப்பாவிலேயே சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். நாக்கில் காறல் தட்டினால் அந்த எள்ளை விட்டுவிடுங்கள். பொரித்தாலும் அந்த வாடை போகாது.

எள்ளை முன்கூட்டியே வறுக்கவே கூடாது. இட்லிப் பொடிக்கு வறுத்துப் பழகிய கை தானாக வாணலியை எடுக்கும். இங்கே எள் வறுபட வேண்டிய இடம் கோழியின் மேல்தான். ஏற்கெனவே வறுத்த எள் மறுபடி ஆறேழு நிமிடம் எண்ணெயில் கிடந்தால் கசப்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

கறுப்பு எள் பார்க்க அழகு. வெள்ளைக்கு நடுவே புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: சிவந்ததா, கருகியதா என்று அதன் நிறத்தில் தெரியாது. நமக்கு நேரம் காட்டுவது வெள்ளை எள்ளின் நிறம்தான். அதனால் கறுப்பு எள் ஒரு மேசைக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். சில வீடுகளில் கறுப்பு எள் தர்ப்பணத்துக்கும் சனிக்கிழமை எள் விளக்குக்கும் என்றே வைத்திருப்பார்கள். அதைக் கறியோடு சேர்த்தால் பாட்டி முகம் சுளிப்பார். அந்த வீட்டில் முழுக்க வெள்ளை எள்ளே போதும். சுவையில் ஒன்றும் குறையாது.

ரவையும் தனியாவும் எதற்கு? எள் வழுவழுப்பான, தட்டையான விதை. எவ்வளவு அழுத்தினாலும் விதைக்கும் விதைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். ரவை அந்த இடைவெளியை நிரப்பி மேலோட்டை ஒரே பரப்பாக்கும். மீன் வறுக்கும்போது ரவையில் புரட்டுகிறவர்களுக்கு அதன் மொறுமொறுப்பு தெரிந்திருக்கும். தனியா மணத்துக்கு. அதை நைசாகப் பொடிக்காமல், இடிகல்லில் இரண்டு தட்டு தட்டினால் போதும்.

3. கறியைச் சமப்படுத்துதல்

இந்த முழுச் சமையலிலும் முக்கியமான படி இதுதான். முழு நெஞ்சுக்கறி ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கும். அப்படியே பொரித்தால் மெலிந்த முனை காய்ந்து நாராகும்போது தடித்த முனை பச்சையாக இருக்கும்.

முதலில் கறியை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். உறைய வேண்டாம், இறுகினால் போதும். இறுகிய கறியைக் கத்தி நேராக வெட்டும். பிறகு பலகையில் வைத்து, உள்ளங்கையால் மேலே இலேசாக அழுத்திக்கொண்டு, கத்தியைப் பலகைக்கு இணையாகப் பிடித்து, குறுக்கே இரண்டு தகடாக அறுங்கள். இரண்டு நெஞ்சுக்கறியிலிருந்து நான்கு தகடுகள். அடிப்பக்கத்தில் தனியாகத் தொங்கும் நீள்துண்டை முன்பே பிரித்து, அதில் ஓடும் வெள்ளை நரம்பை இழுத்தெடுத்துவிடுங்கள். அந்த நீள்துண்டுகளையும் இதே முறையில் பொரித்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்.

இப்போது ஒவ்வொரு தகடையும் இரண்டு கெட்டியான பிளாஸ்டிக் கவருக்கு நடுவில் வைத்துப் பூரிக்கட்டையால் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் கறி கிழியும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டித் தள்ள வேண்டும். எல்லா இடத்திலும் 1 செ.மீ. தடிமன் வரவேண்டும், ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன். இந்தத் தடிமனில் கறி வேகப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும். மிதமான சூட்டில் எள் பொன்னிறமாகவும் அதே நேரம்தான் ஆகும். எள்ளின் நேரமும் கறியின் நேரமும் சந்திக்கும் இடம் இந்த 1 செ.மீ.

கறியைக் கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. பச்சைக் கோழியைக் குழாயடியில் வைத்துக் கழுவும்போது தெறிக்கும் நீரோடு கிருமிகளும் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் காய்கறி எல்லாவற்றுக்கும் பரவும். அதனால் கழுவவே வேண்டாம் என்பதுதான் உணவுப் பாதுகாப்புத் துறையினரின் அறிவுரை. அந்தக் கிருமிகள் வேகும்போது செத்துவிடும். மஞ்சள் போட்டுக் கழுவாமல் மனம் கேட்காது என்பவர்கள் குழாயைத் திறந்துவிடாமல், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அலசி, பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கழுவினாலும் கழுவாவிட்டாலும் கறியை டிஷ்யூ காகிதத்தால் இருபுறமும் ஒற்றி ஈரத்தை எடுப்பது கட்டாயம். கோழிக்கென்று ஒரு பலகையும் கத்தியும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

4. ஊறவைத்தல்

இஞ்சி பூண்டு விழுதை அப்படியே பூசாதீர்கள். ஒரு மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்து சாறை மட்டும் எடுங்கள். விழுதின் திப்பி கறியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு கெடுதல்: அது இருக்குமிடத்தில் மாவு பிடிக்காமல் மேலோடு கழன்றுவரும், எண்ணெயில் எள்ளுக்கு முன்னால் அது கருகும்.

சாறு, தயிர், உப்பு, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், மஞ்சள்தூள் எல்லாவற்றையும் குழைத்துக் கறியின் இருபுறமும் பூசி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். உப்பு சதைக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தை இளக்கும். அப்படி இளகிய சதை வேகும்போது தன் நீரைக் கூடுதலாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். நெஞ்சுக்கறி சக்கையாகாமல் இருப்பதற்கு இந்த ஒரு மணி நேரம்தான் காரணம். தயிரின் புளிப்பு மேற்பரப்பை மெத்தென்று ஆக்கும்.

காரம் முழுவதும் இந்தக் கட்டத்திலேயே சேரவேண்டும். மிளகாய்த்தூளை எள்ளோடு வெளியே கலந்தால் அது எண்ணெயில் கருகி நெடி ஏறும். உள்ளே, மாவுக்கு அடியில் இருந்தால் நிறமும் மாறாது, காரமும் போகாது. தேன், சர்க்கரை போன்ற இனிப்பை எந்த அடுக்கிலும் சேர்க்காதீர்கள். அவை எள்ளையும் முந்திக்கொண்டு கறுக்கும்.

5. மூன்று தட்டு

அகலமான மூன்று தட்டுகளை வரிசையாக வையுங்கள். முதல் தட்டில் அரிசி மாவு, சோள மாவு, உப்பு. இரண்டாவதில் வெள்ளைக்கருவும் சோள மாவும். நுரைக்க அடிக்க வேண்டாம், முள்கரண்டியால் கலக்கி இழை உடைந்தால் போதும். மூன்றாவதில் எள், ரவை, தனியா. இந்தக் கலவையில் பாதியை மட்டும் தட்டில் கொட்டி, மீதியைக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை சொட்டி எள் கட்டி கட்டியாகும்போது புதிதாகக் கொட்டிக்கொள்ளலாம்.

ஊறிய கறியை எடுத்து மசாலாவை விரலால் வழித்துவிடுங்கள். மேலே தயிர் திட்டாக நிற்கக் கூடாது. ஈரமான பூச்சு மட்டும் இருந்தால் போதும். மாவில் இருபுறமும் புரட்டி, நன்றாக உதறுங்கள். மாவு இங்கே பசைக்கு அடித்தளம். மெல்லிய படலமாக இருந்தால் ஈரத்தை உறிஞ்சி முட்டையைப் பிடித்துக்கொள்ளும். தடிமனாக இருந்தால் மாவுக்கும் மாவுக்கும் நடுவே உலர்ந்த அடுக்கு நின்று, பொரியும்போது மேலோடு முழுதாக உரிந்துவரும்.

அடுத்து வெள்ளைக்கருவில் இருபுறமும் நனைத்து, ஒரு நொடி தூக்கிப் பிடித்து வழியவிடுங்கள். பிறகு எள் தட்டில் கிடத்தி, மேலேயும் எள்ளை அள்ளிப்போட்டு, உள்ளங்கையால் அழுத்துங்கள். தூவினால் ஒட்டாது, அழுத்தினால்தான் விதை முட்டைக்குள் பதியும். ஓரங்களையும் எள்ளில் உருட்டி எடுங்கள்.

ஒரு கையை ஈரத்துக்கும் ஒரு கையை உலர்ந்ததற்கும் ஒதுக்குவது பழகிய சமையல்காரர்களின் வழக்கம். முட்டைத் தட்டில் இடக்கை, மாவிலும் எள்ளிலும் வலக்கை. இரண்டையும் கலந்தால் விரல் நுனியெல்லாம் எள்ளும் மாவும் பிசைந்து உருண்டையாகி, கறியில் ஒட்டவேண்டியது கையில் ஒட்டியிருக்கும்.

6. படியவிடுதல்

எள் ஒட்டிய துண்டுகளைக் கம்பித் தட்டில், ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். அவசரத்தில் பலரும் தாவிச் செல்லும் படி இது. இந்த அரை மணியில் மாவு ஈரத்தை இழுத்துப் பசையாகிறது. முட்டையின் மேற்பரப்பு உலர்ந்து எள்ளை இறுக்கிப் பிடிக்கிறது. படியவிடாமல் போட்டால் வாணலியில் பாதி எள் எண்ணெயில் மிதக்கும்.

ஃப்ரிட்ஜின் குளிர்ந்த காற்றோட்டம் மேற்பரப்பைச் சற்று உலர்த்தியும் தருகிறது. ஈரமான மேற்பரப்பு, தண்ணீர் வற்றும்வரை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் உண்டாக அதைவிட நல்ல சூடு வேண்டும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடிப் பழுப்பாகும் இந்த வினையைப் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயார் 1912-இல் விவரித்தார். அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. ஈரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு சீக்கிரம் அந்த நிறம் வரும்.

7. எண்ணெயும் சூடும்

அடி தட்டையான, கனமான வாணலி அல்லது ஃப்ரை பேன் எடுங்கள். குழிந்த வாணலியில் துண்டு வளைந்து, நடுப்பகுதி மட்டும் ஆழத்தில் வேகும். எண்ணெய் 1 செ.மீ. உயரம் இருந்தால் போதும்.

எள்ளுக்கு நல்லெண்ணெய்தானே பொருத்தம் என்று தோன்றும். செக்கு நல்லெண்ணெயில் பொரித்தால் எண்ணெயின் மணம் தூக்கலாகி, எள் வறுபடும் புது மணம் அதில் அமுங்கிவிடும். சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ சூட்டையும் தாங்கும், வாசனையிலும் ஒதுங்கி நிற்கும். நல்லெண்ணெய் மணம் வேண்டுமென்பவர்கள் தொட்டுக்கொள்ளும் சட்னியில் ஒரு கரண்டி விட்டுக்கொள்ளலாம்.

சூடு 160 முதல் 165 டிகிரிக்குள் இருக்கட்டும். வடை, பஜ்ஜிக்குக் காய்ச்சுவதைவிட இது குறைவு. வெப்பமானி இல்லாத வீட்டில் எள்ளே போதும். நாலு எள்ளை எண்ணெயில் போட்டுப் பாருங்கள். சும்மா அடியில் கிடந்தால் எண்ணெய் காயவில்லை. சுற்றிலும் சிறு குமிழி விட்டு, அரை நிமிடமாவது வெள்ளையாகவே இருந்தால் சரியான பக்குவம். போட்ட சில நொடிகளில் சிவந்தால் சூடு அதிகம். அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

8. பொரித்தல்

துண்டை உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் சாய்த்துக் கிடத்துங்கள். தெறித்தாலும் எண்ணெய் உங்கள் மேல் படாது. ஒரு தடவைக்கு இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து வந்த குளிர்ந்த கறி எண்ணெயின் சூட்டை இறக்கும். நாலையும் ஒன்றாகப் போட்டால் எண்ணெய் தணிந்து, எள் பொரியாமல் எண்ணெயைக் குடிக்கும்.

போட்டபின் இரண்டு நிமிடம் தொடாதீர்கள். முட்டை இறுகி எள்ளைக் கட்டிப்போடும் நேரம் அது. அதற்குள் கரண்டியால் நகர்த்தினால் மேலோடு வழுகும். மூன்றாம் நிமிடத்தில் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். எள் இளம் பொன்னிறமாகியிருந்தால் திருப்பலாம். அகலமான தோசைத்திருப்பியை முழுதாக அடியில் செலுத்தி, மேலே முள்கரண்டியைத் தாங்கலாக வைத்து, ஒரே தடவை திருப்புங்கள். இடுக்கியால் பிடித்தால் பிடித்த இடத்தில் எள் உரிந்துவிடும்.

மறுபக்கமும் மூன்று நிமிடம். இடையில் குமிழிச் சத்தத்தைக் கவனியுங்கள். போட்டதும் பலமாகச் சடசடக்கும். கறியின் ஈரம் வெளியேறும் சத்தம் அது. அது மெல்ல அடங்கிச் சலசலப்பாக மாறினால் கறி வெந்துகொண்டிருக்கிறது. எள்ளை எடுக்கவேண்டிய நிறம், நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னால். வெளியே எடுத்தபிறகும் உள்சூட்டில் அது இன்னும் கொஞ்சம் சிவக்கும்.

வெந்ததா என்று உறுதிப்படுத்த, தடித்த இடத்தில் வெப்பமானி முனையைக் குத்திப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அமெரிக்க வேளாண் துறை கோழிக்கறிக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு இது. வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டுங்கள். நடுவில் இளஞ்சிவப்பு இல்லாமல் முழுக்க வெளுத்து, கசியும் சாறு தெளிவாக இருக்கவேண்டும். முதல் துண்டை இப்படிப் பலி கொடுத்தால் மற்றவற்றின் நேரம் தெரிந்துவிடும்.

அடுத்த இரண்டைப் போடுமுன், எண்ணெயில் உதிர்ந்து கிடக்கும் எள்ளை டீ வடிகட்டியால் அரித்தெடுங்கள். விட்டுவைத்தால் அவை கருகி, அடுத்த துண்டில் கறுப்பு மச்சமாக ஒட்டிக் கசக்கும். மறுபடி நாலு எள் போட்டுச் சூட்டைச் சோதித்துவிட்டுத் தொடருங்கள்.

9. வடித்தலும் வெட்டுதலும்

பொரித்ததைக் காகிதத்தின் மேல் படுக்கவைக்காதீர்கள். அடிப்பக்க ஆவி வெளியேற வழியில்லாமல் அந்தப் பக்கம் நமத்துவிடும். கம்பித் தட்டில் வையுங்கள்; இல்லாவிட்டால் ஓட்டை போட்ட வடிதட்டைக் கவிழ்த்து அதன் மேல் வைக்கலாம். சூடு ஆறக்கூடாதே என்று ஹாட் பாக்ஸில் போட்டு மூடினால் இவ்வளவு நேரம் பட்ட பாடும் வீண். உள்ளே ஆவி தங்கி மேலோடு தொளதொளத்துவிடும்.

மூன்று நிமிடம் பொறுத்து வெட்டுங்கள். அதற்குள் கறியின் சாறு உள்ளேயே அடங்கும். கனமான, கூரான கத்தியை மேலிருந்து நேராக அழுத்தி வெட்ட வேண்டும். ரம்பம்போல முன்னும் பின்னும் இழுத்தால் எள் கொத்தாக உதிரும். விரல் அகலத் துண்டுகளாகப் போட்டால் எடுத்துத் தொட்டுச் சாப்பிட வசதி.

எண்ணெயில் பொரிக்காமல் செய்ய

அவனில் செய்வதானால் 200 டிகிரிக்கு முன்னதாகவே சூடாக்குங்கள். எள் கலவையில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறிக்கொண்டால் விதை சீராகச் சிவக்கும். கம்பித் தட்டில் வைத்து 15 முதல் 18 நிமிடம். பாதியில் ஒரு தடவை திருப்பலாம். ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். அதன் விசிறி ஒட்டாத எள்ளை ஊதித் தள்ளிவிடும் என்பதால் அழுத்துவதிலும் படியவிடுவதிலும் கூடுதல் கவனம் வேண்டும். மேலே எண்ணெயை இலேசாகத் தெளித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நிறம் சற்று வெளிறியிருக்கும். மொறுமொறுப்பு கிடைக்கும், எண்ணெயில் பொரித்த மணம் அவ்வளவாக வராது.

எங்கே தவறும்

எள் உதிர்கிறதா? கறியில் ஈரம் மிஞ்சியிருக்கும், அல்லது படியவிடும் நேரம் குறைந்திருக்கும்.

மேலோடு முழுசாகத் தோலாக உரிகிறதா? மாவை உதறவில்லை, அல்லது பொரியும்போது சீக்கிரம் திருப்பிவிட்டீர்கள்.

வெளியே கருகி உள்ளே வேகவில்லையா? கறி தடிமன், அல்லது எண்ணெய் அதிகச் சூடு. பெரும்பாலும் இரண்டும்.

வெளியே வெளுத்து, எண்ணெய் வடிகிறதா? எண்ணெய் காயவில்லை, அல்லது வாணலியில் கூட்டம் அதிகம்.

நிறம் சரியாக இருந்தும் கசக்கிறதா? எள் பழசு, அல்லது உதிர்ந்த எள்ளை அரிக்காமல் அடுத்த சுற்றைப் போட்டிருப்பீர்கள்.

வேறு விதைகள்

எள்ளில் கை பழகியபின் கலவையை மாற்றிப் பார்க்கலாம். சூரியகாந்தி விதையும் பூசணி விதையும் பெரியவை. முழுதாகப் போட்டால் ஒட்டாது. ஒன்றிரண்டாக இடித்து எள்ளோடு மூன்றில் ஒரு பங்கு சேர்க்கலாம். கசகசா மிகச் சிறியது. இடைவெளியை ரவையைவிட நன்றாக நிரப்பும், ஒரு மேசைக்கரண்டி போதும். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசாவுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறையோடு பொட்டலமும் கட்டி அனுப்பிவிடாதீர்கள். ஆளி விதையும் சியாவும் ஈரம் பட்டால் கொழகொழப்பாகும். முட்டையில் இருக்கும் நீரை இழுத்து வழுக்கவைக்கும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கருஞ்சீரகம் கசக்கும், வாசத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.

விருந்துக்குச் செய்வதானால் எள் இருக்கிறது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். எள் ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல், உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாக எள் சேர்க்கப்பட்டது.

பரிமாறுதல்

சாஸை மேலே ஊற்றினால் ஐந்தே நிமிடத்தில் மேலோடு ஊறிவிடும். தொட்டுக்கொள்வது தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். புதினாவும் பச்சை மிளகாயும் அரைத்துத் தயிரில் கலந்தது பொருந்தும். புளிக்கரைசலை வெல்லம், வரமிளகாய், உப்பு சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவைத்தாலும் எள்ளின் கொழுப்புச் சுவைக்கு நல்ல மாற்றாக இருக்கும். மிளகு ரசச் சாதத்துக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் இது அருமையான துணை. எலுமிச்சையைப் பிழிவதானால் சாப்பிடும் நொடியில் பிழியுங்கள்.

மீந்ததை ஆறியவுடன் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் ஏர் ஃப்ரையரிலோ, தீயைக் குறைத்து எண்ணெய் விடாத தோசைக்கல்லிலோ உள்வரை சூடேறும்படி வைத்துச் சாப்பிடுங்கள். மைக்ரோவேவ் மேலோட்டைத் துவளவைக்கும். பொரித்த எண்ணெயை வடிகட்டி, இரண்டொரு நாளுக்குள் கறி வறுவலுக்கோ குழம்புத் தாளிப்புக்கோ பயன்படுத்தித் தீர்த்துவிடலாம்.

இதே முறை மற்றவற்றுக்கும் செல்லும். முள் நீக்கிய மீன் துண்டு சீக்கிரம் வேகும் என்பதால் அதை 1.5 செ.மீ. தடிமன்வரை விடலாம். பனீருக்கு வேகவேண்டிய அவசியமே இல்லை. எள் சிவந்ததும் எடுத்துவிடலாம். எதை எடுத்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மிதமான எண்ணெயில் எள் சிவக்கும் ஆறு நிமிடத்துக்குள் இது உள்வரை வேகுமா? வேகாது என்றால் அடுப்பைக் கூட்டாதீர்கள், துண்டை மெலிதாக்குங்கள்.